முதுகுப் பிள்ளை

“உயிர் கொடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். என்னைத் தேட வேண்டாம்.”

இரண்டே வரி. கீழே யூட் என்று கையெழுத்து. மின்சாரக் கட்டண உறை ஒன்றின் பின்புறத்தில் எழுதியிருந்தான். ஷரோன் அதை மூன்றாவது தடவையும் வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

எதிரே நின்ற றஞ்சினி இன்னும் உட்காரவில்லை. யூட்டின் மனைவி. காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டையோடேயே ஓடி வந்திருந்தாள். சட்டையில் சவர்க்கார மணம்.

“எட்டு மணிக்கு வேலை முடிஞ்சு வீட்ட வந்தனான் அக்கா. மேசையில இது கிடந்தது. பக்கத்தில அவற்ற போன். கலைக்கூடத்துத் திறப்புக்கோர்வை. ஆளைக் காணேல்லை.”

“பொலிசுக்குச் சொன்னனீங்களோ?”

“உடனே சொன்னனான். லிம்மத் கரையால தேடுகினம். ஆத்தங்கரையில ஏன் தேடுகினம் எண்டு எனக்கு விளங்காதோ அக்கா?”

சூரிச்சின் லாங்ஸ்ட்ராஸ தெருவில், ஒரு தமிழ்க் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஷரோனின் துப்பறியும் பணியகம். அதற்கு முன்பு பதினொரு வருடம் அவள் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். ஒரு சொல்லைத் தவறாக மாற்றினால் ஒரு குடும்பத்தையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயத்திலேயே பழகியதால் எந்தச் சொல்லையும் இலேசில் விடமாட்டாள்.

ஜன்னலோரம் நின்ற கிளமென்ற் அவளுடைய உதவியாளர். வயது ஐம்பத்தொன்பது. இருபத்திரண்டு வருடம் சூரிச்சில் ட்ராம் ஓட்டியவர். முழங்கால் பழுதாகி ஓய்வு கொடுத்தார்கள். வாய் பழுதாகவில்லை என்பதால் ஷரோன் சேர்த்துக்கொண்டாள்.

“நேற்று என்ன நடந்தது? முதலில இருந்து சொல்லுங்கோ,” என்றாள் ஷரோன்.

யூட் மன்னார்க்காரன். வயது நாற்பத்துநாலு. பதினாறு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினான். இந்த வருடம் ஈஸ்ரர் கழிந்த கையோடு, ஹூர்னி என்பவரின் கலைக்கூடத்தில் வேலை கிடைத்தது. படங்களைச் சுவரில் மாட்டுவது, சிலைகளை வாகனத்தில் ஏற்றுவது. ஆபிரிக்காவில் இன்று வேலை செய்யும் ஓவியர்கள், சிற்பிகளின் படைப்புகளை விற்கும் இடம் அது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் காலையில் சந்தோசமாக எழும்பி வேலைக்குப் போனான் என்று றஞ்சினி சொன்னாள்.

நேற்றுக் காலை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். உள்ளே கானா நாட்டுச் சிற்பி எசினாம் டோட்சேயின் ‘சந்தைக்குப் போகிறவள்’ என்ற மரச்சிலை. பாதிப் படியில் பெட்டியின் அடிப்பலகை கழன்றது. சிலை உருண்டு கீழே கல்தரையில் சிதறியது.

“‘உன்ர கவலையீனம்தான். பொலிசில குடுப்பன், உன்ர வதிவிடப் பேர்மிட்டும் போகும்’ எண்டு ஹூர்னி கத்தினவராம். இவர் வீட்ட வந்து சாப்பிடேல்லை. பேர்மிட்டைப் பற்றிக்கூட யோசிக்கேல்லை அக்கா. ஒண்டைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னவர். ‘அந்த மனிசி ஒரு வருசமா இருந்து செதுக்கினதாம் றஞ்சி. நான் ஒரு நிமிசத்தில உடைச்சுப்போட்டன்.’” அவள் உறையைக் காட்டினாள். “உயிர் கொடுத்தவர் எண்டா ஆண்டவர்தானே? அவரிட்டப் போறன் எண்டுதானே எழுதியிருக்கிறார்?”

கிளமென்ற் கொழுவியிருந்த தன் கோட்டை எடுத்தார்.

“நீங்கள் பொலிசோட நில்லுங்கோ,” என்று ஷரோன் எழும்பினாள். “நாங்கள் கலைக்கூடத்துக்குப் போறம். போனைக் கையில வச்சிருங்கோ.”

ஹூர்னியின் கலைக்கூடத்துக்கு ட்ராமில் பத்து நிமிடம். உள்ளே நுழைந்ததும் வலதுபக்கச் சுவரில் ஆளுயர ஓவியம் ஒன்று. தலை முதல் கால் வரை நாருடையும் முகமூடியும் அணிந்த சடங்கு ஆட்டக்காரன் ஒருவன், மினிபஸ் தரிப்பிடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கைத்தொலைபேசியில் நேரம் பார்க்கிறான். பக்கத்தில் நிற்கும் பெண் அவனைக் கவனிக்கவே இல்லை. மீன் வாளியை இடுப்பில் வைத்தபடி பஸ்ஸை எட்டிப் பார்க்கிறாள்.

“சாமிக்கும் பஸ் பிந்துது,” என்றார் கிளமென்ற். “நான் ஓட்டியிருந்தா இந்தப் படமே இல்லை.”

ஹூர்னிக்கு அறுபது வயதிருக்கும். சாம்பல் நிறக் கழுத்துச்சால்வை. யூட்டின் குடும்பத்தின் சார்பில் வந்திருப்பதாக ஷரோன் ஜெர்மனில் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

“துண்டு எங்கே?”

“எந்தத் துண்டு?”

“குழந்தை! சிலையின் முதுகில் ஒரு குழந்தை இருந்தது. தனியாகச் செதுக்கிப் பொருத்தியது. நேற்று எல்லாத் துண்டுகளையும் பொறுக்கினோம். அது மட்டும் இல்லை. அவன்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். இது திருட்டு.”

பின்னறை மேசையில் மீதித் துண்டுகள் கிடந்தன. கழுத்தோடு முறிந்த தலை. கைகள். தலையில் இருந்த வெள்ளை எனாமல் தாச்சிச் சட்டி, ஒரு பக்கம் நசுங்கி. நடுவில் உடல். மார்புக்கு மேல் இறுக்கிச் சுற்றிய துணி, அந்தத் துணிக்குள் செருகிய கைத்தொலைபேசி. இடுப்பின் இரண்டு பக்கத்திலும் துணி முடிச்சுகள் போலப் பக்கத்துக்கு ஒரு புடைப்பு.

மேசைக்கு மேலே சுவரில், உடையாத சிலையின் படம். தாச்சி நிறையத் தண்ணீர்ப் பைகளைச் சுமந்துகொண்டு, யாரோ விலை கேட்டதற்குப் பதில் சொல்லப் போகிறவளைப் போல வாயைத் திறந்தபடி அந்தப் பெண் நின்றாள். ஷரோன் படத்தையும் உடலையும் தன் போனில் எடுத்துக்கொண்டாள்.

“பின்பக்கம் எடுத்த படம் இல்லையா?”

“இல்லை. இந்த ஒன்றுதான். வாங்க வருகிறவர்கள் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.”

கிளமென்ற் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தி, மூலையில் கிடந்த வெற்றுப் பெட்டியின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத்தில் போய்ச் சேர வேண்டிய முகவரி இருந்தது. பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸ். ஒரு கண்காட்சி மண்டபம்.

“இது பேர்னுக்குப் போக இருந்ததா?”

“எசினாமின் கண்காட்சிக்கு. நாளை திறப்பு விழா. விற்றுத் தரச் சொல்லித்தான் எட்டு மாதத்துக்கு முன்பு சிலையை என்னிடம் தந்திருந்தார். கண்காட்சிக்காகத் திருப்பிக் கேட்டார்.” ஹூர்னி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அவனைக் கண்டுபிடித்தால் அந்தத் துண்டை நேரே என்னிடம் கொண்டு வாருங்கள். வேறு யாருக்கும் காட்ட வேண்டாம். மிச்சத்தை இன்று மாலை அப்புறப்படுத்துகிறேன்.”

தெருவுக்கு வந்ததும் கிளமென்ற் சொன்னார்: “அடிப்பலகையில எட்டு ஓட்டை. ஒண்டிலயும் மரம் கிழியேல்லை. பாரம் இழுத்துத் திருகாணி புடுங்குப்பட்டா மரம் கிழிஞ்சு தும்பு பறக்கும். இது ஆரோ ஆறுதலா இருந்து கழட்டினது. ரெண்டு குட்டி ஆணிதான் பலகையைப் பிடிச்சிருக்கு.”

“அப்ப விழவேணும் எண்டே செய்தது.”

“விழுத்தினது பெட்டி. பழி மட்டும் யூட்டுக்கு.”

“அந்த ஆள் துண்டைப் பற்றி எத்தினை தரம் கேட்டார், கவனிச்சனீங்களோ? யூட் உயிரோட இருக்கிறானோ எண்டு ஒருக்காக் கூடக் கேக்கேல்லை.” ஷரோன் நடந்துகொண்டே உறையை வெளியே எடுத்தாள். “இன்னொண்டு. பொலிசுக்குக் குடுக்க இதை ட்ராமில வரேக்க ஜெர்மனில எழுதிப் பாத்தன் அண்ணை. உயிர் கொடுத்தவரிடம். தமிழில அதோட சரி. ஜெர்மனில அவனிடம் எண்டு எழுதிறதோ, அவளிடம் எண்டு எழுதிறதோ? அந்த இடத்தில கை நிண்டிட்டுது.”

கிளமென்ற் நின்றார்.

“றஞ்சினி வாசிச்சது ஆண்டவர் எண்டு,” என்றாள் ஷரோன். “நான் வாசிக்கிறது எசினாம் எண்டு. மரத்துக்கு உயிர் கொடுத்தவ. சாகப் போறவன் மரப்பிள்ளையைக் காவிக்கொண்டு போவானோ? கொண்டுபோய்க் குடுக்கிறதுக்கு ஆள் இருக்கிறவன்தான் காவுவான்.”

“அப்ப கடவுள் பூம்ப்ளிஸில நிக்கிறா எண்டுறாய்.”

“ஓடுங்கோ அண்ணை. அடுத்த ட்ரெயின் ஏழு நிமிசத்தில.”

சூரிச்சிலிருந்து பேர்னுக்கு ஐம்பத்தாறு நிமிடம். சிலைப் பெட்டியின் முகவரிக் காகிதத்தில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு ஷரோன் ஆறு தடவை எடுத்தாள். யாரும் எடுக்கவில்லை. சூரிச் பொலிசுக்குச் சொன்னாள். குறித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஒல்ற்றன் நகரம் தாண்டியதும் அவளுடைய போன் அடித்தது.

றஞ்சினி. பின்னால் ஆற்றின் இரைச்சல்.

“அக்கா, அவற்ற ஜக்கெற் கிடைச்சிட்டுது. கலைக்கூடத்துப் பேர் போட்ட ஜக்கெற். நடைபாலத்துக் கம்பியில தொங்கினது. ஆத்துக்குள்ள தேடச் சுழியோடுறவையைக் கூப்பிட்டிருக்கினம்.” மூச்சு வாங்கினாள். “நீங்கள் எங்க நிக்கிறியள்?”

“பேர்னுக்குப் போற ட்ரெயினில.”

மறுபக்கம் றஞ்சினியின் குரல் உயர்ந்தது.

“என்ர மனிசன் தண்ணிக்குள்ள கிடக்கிறார். நீங்கள் பேர்னுக்குப் போறியளோ?”

இணைப்பு அறுந்தது.

ஷரோன் போனை மடியில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். கார்த்திகை மாதத்துப் பனிமூட்டத்துக்குள் வயல்கள் ஓடின. ‘கொடுத்தவர்’ என்ற ஒரு சொல்லை நம்பிக்கொண்டு அவள் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தாள். அது பிழையென்றால்?

“இறங்கித் திரும்புவமோ அண்ணை?”

“இது விரைவு வண்டி தங்கச்சி. இடையில நிக்காது. நான் ஓட்டுறதெண்டாலும் நிக்காது.” கிளமென்றின் குரலில் பகிடி பாதிதான் இருந்தது. அவர் அவளுடைய போனை எடுத்து நீட்டினார். “சும்மா இருந்தா உனக்கு விசர் பிடிக்கும். எடுத்த படத்தைப் பார்.”

அவள் பார்த்தாள். சுவரில் தொங்கிய பழைய படத்தைப் பெரிதாக்கினாள். முகம், தாச்சி, மார்புத் துணி, கைத்தொலைபேசி. இடுப்புக்கு வந்தாள். விரலால் இன்னும் பெரிதாக்கினாள். பிறகு மேசையில் கிடந்த உடலின் படத்துக்குப் போய் அதே இடத்தைப் பெரிதாக்கினாள். திரும்பவும் பழைய படம்.

“அண்ணை, முடிச்சுக்கு விரல் இருக்குமோ?”

“என்ன முடிச்சு?”

“துணி முடிச்சு. அதில குட்டிக் குட்டியா அஞ்சு விரல் இருக்குமோ?”

“என்ர கலியாண வேட்டியில இருந்த முடிச்சுக்கு இல்லை,” என்ற கிளமென்ற், அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். அவள் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பேர்ன் வரும்வரை அவளுடைய கால் மட்டும் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது.

பேர்னில் இறங்கி பூம்ப்ளிஸ் ட்ராமைப் பிடித்தார்கள். ஒவ்வொரு சந்தியிலும் வண்டி மணியடித்து மெதுவாகியது. “மாடு கட்டின வண்டியில ஆள் வந்து சேர்ந்திருக்கும்,” என்று கிளமென்ற் சாரதியின் முதுகைப் பார்த்து முறைத்தார்.

மண்டபம் ஒரு காலத்தில் தொழிற்சாலையாக இருந்த இடம். உள்ளே துளையிடும் இயந்திரங்களின் சத்தம். தொலைபேசியை ஏன் யாரும் எடுக்கவில்லை என்பது விளங்கியது. சுவர் நெடுக வேறு ஓவியர்களின் படங்கள். ஒரு தையல்கடைப் பெண் வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி மணப்பெண் சட்டைக்குக் கை தைக்கிறாள். ஒரு சலூனில் மூன்று பேர் ஒருத்தியின் தலையைப் பின்னுகிறார்கள், அவள் நித்திரை. இறந்தவரின் நாற்பதாம் நாள் விருந்துக்கு ஒரு குடும்பமே ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு படத்துக்கு நிற்கிறது. நடுவே உயரமான ஒரு பெண், தலையில் மரத்தூள் படிந்திருக்க, ஒரு பீடத்தின் மட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பீடத்தில் சிலை இல்லை.

“எசினாம் டோட்சே?” ஷரோன் ஆங்கிலத்தில் கேட்டாள். “உங்களைத் தேடி இன்று ஒருவர் வந்தாரா? எங்களைப் போன்ற ஒருவர். கையில் ஏதாவது பொதி இருந்திருக்கும்.”

“இல்லை. யாரும் வரவில்லை.”

“நிச்சயமாகவா?”

“காலை ஏழு மணியிலிருந்து இங்கேதான் நிற்கிறேன். யாரும் வரவில்லை.”

வாசலில் நின்ற காவலாளியையும் கேட்டார்கள். அவனும் தலையசைத்தான். விருந்தினர் யாரும் வரவில்லை, வேலையாட்கள் மட்டும்தான் போய்வந்தார்கள் என்றான்.

ஷரோன் சுவரில் சாய்ந்தாள். நடைபாலம். கம்பியில் தொங்கிய ஜக்கெற். றஞ்சினியின் கேள்வி. ஒரு சொல்லைப் பிழையாக வாசித்துவிட்டு ஒரு மணித்தியாலத்தை வீணாக்கியிருக்கிறாள். இத்தனை வருடமாக அவள் பயந்த பிழை, ஒரு மனிதனின் உயிர் போகிற நேரத்திலா வந்து சேரவேண்டும்?

“வேலையாட்கள் மட்டும்தானாம்,” என்று கிளமென்ற் மெதுவாகச் சொன்னார். “தங்கச்சி, நான் இருபத்திரண்டு வருசம் சீருடையோட இந்த நாட்டில திரிஞ்சனான். என்ர முகத்தை ஆரும் பாத்ததில்லை. யூட் வேலைக் களிசான் சட்டையோட வந்திருந்தா இவன் அவனை எண்ணியிருப்பானோ?”

அவர் பதிலுக்குக் காத்திராமல் நொண்டிக்கொண்டே மண்டபத்தின் பின்பக்கம் போனார். பொருட்கள் இறக்கும் மேடை அங்கேதான் இருந்தது. ஷரோன் பின்னால் ஓடினாள். அடுக்கிய மரப்பெட்டிகள், சுற்றிவைத்த போர்வைகள். போர்வைக் குவியலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளிக்குள் ஒரு சப்பாத்துக் கால் தெரிந்தது.

“யூட்!”

அவன் தலையை நிமிர்த்தினான். மெல்லிய சட்டை மட்டும். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மடியில், கம்பளிச் சால்வையால் சுற்றிய ஒரு பொதி.

“நான் உள்ள போகேல்லை,” என்றான். யார் நீங்கள் என்றுகூட அவன் கேட்கவில்லை. “ஒன்பது மணிக்கு வந்தனான். அவ நிக்கிறதைக் கண்டனான். வெறும் பீடத்தைத் துடைச்சுக்கொண்டு நிண்டவ. அதைக் கண்டாப்பிறகு எப்பிடிப் போய்ச் சொல்லுறது?”

ஷரோன் தன் கோட்டைக் கழற்றி அவன் மேல் போட்டாள். கிளமென்ற் ஏற்கனவே றஞ்சினியின் எண்ணை அழுத்திவிட்டார். அவள் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்ததால் இணைப்புக் கிடைக்கவில்லை. பொலிசை அழைத்து ஆள் கிடைத்துவிட்டதாகச் சொன்னார். திரும்பவும் றஞ்சினி. கிடைக்கவில்லை. போனைக் காதில் வைத்தபடி சிக்னல் தேடி வெளியே நடந்தார்.

“ஜக்கெற்றைக் கண்டெடுத்திட்டினம்,” என்றாள் ஷரோன். “பாலத்தில.”

யூட் பொதியைப் பார்த்துக்கொண்டு பேசினான். “அதைப் போட்டுக்கொண்டு அவவுக்கு முன்னால போக வெக்கமா இருந்தது. கழட்டிக் கொழுவினனான். பிறகு அங்கயே நிண்டிட்டன். கனநேரம் நிண்டன் அக்கா. உங்களிட்ட ஒளிக்கேல்லை. கம்பியில காலும் வச்சனான். இது நெஞ்சோட இருந்தது. இதைக் கீழ வச்சிட்டுக் குதிக்கவும் மனமில்லை, இதோட குதிக்கவும் ஏலாது. இது அவவின்ர. குடுத்திட்டு வருவம் எண்டு வந்தன்.”

பின்னால் காலடி கேட்டது. எசினாம் நின்றார்.

ஷரோன் சுருக்கமாகச் சொன்னாள்: இவர்தான் உங்கள் சிலையைத் தூக்கி வந்தவர். அது உடைந்துவிட்டது. யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. இவர் சொல்ல வந்திருக்கிறார்.

எசினாமின் முகம் இறுகியது. யூட் எழுந்திருக்க முயன்று முடியாமல், இரண்டு கையாலும் பொதியை நீட்டினான். எசினாம் சால்வையை விலக்கினார். ஒரு முழம்கூட இல்லாத மரக்குழந்தை. கன்னத்தை ஒரு பக்கம் சாய்த்து, கண் மூடி, இரண்டு காலும் ஒன்றாகச் சேர்ந்து நேராகக் கீழே தொங்க.

அவர் அதைத் திருப்பினார். திரும்பவும் திருப்பினார்.

“இது யாருடைய பிள்ளை?” என்று கேட்டார்.

யூட்டுக்கு அந்த ஆங்கிலம் விளங்கியது, அர்த்தம் விளங்கவில்லை.

“உங்களுடையது இல்லை, அப்படித்தானே?” ஷரோன் போனை நீட்டினாள். “உங்கள் சிலையின் படம். இடுப்பின் இரண்டு பக்கமும் பாருங்கள்.”

“கால்கள்,” என்றார் எசினாம், இதைக்கூடச் சொல்ல வேண்டுமா என்பது போல. “என் மகளின் கால்கள். முதுகில் பிள்ளையைக் கட்டினால் அதன் கால் இரண்டும் தாயின் இடுப்பைச் சுற்றி முன்னுக்கு வரும். துணிக்கு வெளியே பாதம் தெரியும். அக்ராவில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். இது…” அவர் குழந்தையை உயர்த்தினார். “இது தூக்குமரத்தில் தொங்குகிற மாதிரித் தொங்குகிறது. இப்படிக் கட்டினால் இரண்டு அடி நடப்பதற்குள் பிள்ளை விழுந்துவிடும்.”

ஷரோன் மற்றப் படத்தைக் காட்டினாள். உடைந்த உடலில் அதே இடத்தில் பாதம் இல்லை. மடிப்பு மடிப்பாக இரண்டு துணி முடிச்சுகள் செதுக்கப்பட்டிருந்தன.

“செதுக்கியவனுக்கு ஒரே ஒரு படம்தான் கிடைத்திருக்கிறது, முன்பக்கப் படம். பிள்ளை முதுகில் எப்படி இருக்கும் என்று அவன் கண்டதில்லை. விரல்களைப் பார்த்துவிட்டுத் துணி மடிப்பு என்று நினைத்தான். பின்பக்கத்துக்குத் தன் மனதில் வந்தபடி ஒரு பிள்ளை செய்தான்.” அவள் யூட்டின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். “யூட், நீங்கள் உடைச்சது இவவின்ர சிலை இல்லை. போலி. பெட்டியின்ர அடித் திருகாணியளைக் கழட்டிப்போட்டுத்தான் உங்களிட்டத் தூக்கத் தந்தவை. இவவின்ர கண்ணில பட்டா ஒரு நிமிசம் தாங்காது. அதால இஞ்ச வரமுதல் உடையவேண்டியிருந்தது. உடைக்கிறதுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.”

யூட் எசினாமின் பக்கம் பார்த்தான். “அப்ப அவவின்ர சிலை?” என்று கேட்டான்.

“அதைத்தான் இப்ப கேக்கப் போறன்.”

அவள் ஹூர்னியின் எண்ணை அழுத்தி, ஒலியைக் கூட்டிவைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

“துண்டு கிடைத்துவிட்டது,” என்றாள் ஜெர்மனில்.

“எங்கே இருக்கிறீர்கள்?”

“பேர்னில்.”

“எசினாமுக்குக் காட்டினீர்களா? காட்ட வேண்டாம். நான் உடனே புறப்பட்டு வருகிறேன். அதை எங்கேயாவது மறைத்து வையுங்கள்.”

எசினாமுக்கு ஜெர்மன் தெரியாது. தன் பெயர் வந்ததும் நெருங்கி வந்து நின்றார்.

“ஒரு சந்தேகம், திரு. ஹூர்னி. படத்தில் பிள்ளையின் கால் தாயின் இடுப்பில் இருக்கிறது. என் கையில் இருக்கிற பிள்ளைக்குக் கால் கீழே தொங்குகிறது. எட்டு மாதம் சிலையை வைத்திருந்தீர்கள். ஒரு தடவைகூடப் பின்பக்கத்தைப் பார்க்கவில்லையா?”

“எனக்கு எப்படித் தெரியும்? செதுக்கியவனுக்கு நான் கொடுத்தது படத்தை மட்டும்தான். அப்போது சிலை என்னிடம்…”

அங்கே நின்றது. தான் சொன்னது தன் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“உங்களிடம் இல்லை,” என்று ஷரோன் முடித்துவைத்தாள். “அவருக்குச் சொல்லாமல் விற்றுவிட்டீர்கள். அவர் திருப்பிக் கேட்டபோது கொடுக்கச் சிலை இல்லை. உங்கள் குரல் இங்கே மூன்று பேருக்குக் கேட்டிருக்கிறது. மேசையில் இருக்கிற துண்டுகளில் கைவைக்காதீர்கள். பொலிஸ் வருகிறது. இன்னொன்று. யூட் உயிரோடு இருக்கிறார். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.”

ஹூர்னி இணைப்பைத் துண்டித்தார்.

ஷரோன் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை எசினாம் நின்றபடியே கேட்டார். கோபத்தில் அவருடைய தாடை அசைந்தது. பிறகு மேடையில், போர்வைக் குவியலின்மேல், யூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீ இதை என்னுடையது என்று நினைத்தாய்,” என்றார். “என்னுடையது என்று நினைத்துத்தான் இவ்வளவு தூரம் கொண்டுவந்தாய்.”

யூட் தலையாட்டினான். சொல்லப் பயிற்சி எடுத்து வைத்திருந்த ஆங்கில வசனம் ஒன்று அவன் வாய்க்குள் கிடந்திருக்க வேண்டும். “ஐ ஆம் சொறி, மேடம்,” என்றான். மன்னிப்புக் கேட்க எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் சொன்னான். சொன்னதும் அவனுடைய தோள் குலுங்கத் தொடங்கியது. பாலத்திலும் ரயிலிலும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரேயடியாக வந்தது. எசினாம் அவனுடைய முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

கிளமென்ற் நொண்டி நொண்டி ஓடி வந்தார். ஒலியைக் கூட்டிவைத்த போனைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்திருந்தார்.

“எடுத்திட்டாள். நான் சொன்னா நம்புறாள் இல்லை. பொலிஸ் சொல்லியும் நம்பேல்லையாம், சுழியோடுறவையை வெளியில வர விடேல்லையாம். புருசன்ர குரல் கேக்கவேணுமாம். கெதியாக் கதை தம்பி, இல்லாட்டி என்னைக் கொல்லுவாள்.”

யூட் போனை வாங்கி இரண்டு கையாலும் காதோடு அழுத்தினான்.

“றஞ்சி,” என்றான். “நான்தான்.”

காற்றின் சத்தம். தண்ணீர். தூரத்தில் ஒரு படகின் இயந்திரம். பிறகு போன் கல்லில் விழுந்த சத்தம், ஓடுகிற காலடி. அதற்கும் அப்பால், தெரிந்த ஜெர்மன் முழுவதையும் சேர்த்து, தொண்டை கிழிய றஞ்சினி ஆற்றைப் பார்த்துக் கத்துவது நான்கு பேருக்கும் கேட்டது.

“வெளியில வாங்கோ! எல்லாரும் தண்ணிய விட்டு வெளியில வாங்கோ! அவர் அங்க இல்லை!”